சந்திரமௌலியின் வலது கை

"இந்தக் கையைத் தப்பா எழுத வைக்க இனிமே ஒருத்தன் பொறந்துதான் வரணும்!"

மாட்டுங்காவில் மூன்று கட்டடம் தாண்டியும் கேட்கும்படி சந்திரமௌலி இப்படி முழங்கியதற்கு அவர் மனைவி அம்மிணியே சாட்சி. வெற்று முழக்கமில்லை. நாற்பது வருடம் இன்சூரன்ஸ் ஆபீசில் மேனேஜர்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதிய கடிதங்களில் மேனேஜர்கள் சொன்னது எதுவும் இருந்ததில்லை. அவ்வளவும் திருத்தம். ஓய்வுக்குப் பிறகு அம்மிணியின் மளிகைச் சீட்டுதான் மிச்சம். அதையும் திருத்தி, துவரம்பருப்பை வரிசையில் முதலிடத்துக்கு உயர்த்தினார்.

அப்போதுதான் பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வெழுதிக் கொடுக்க ஆள் தேடினார்கள். ஒரே நிபந்தனை: எழுதுபவர் மாணவரைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும். நாற்பது வருடம் பேச்சே எடுக்காமல் வைத்திருந்த எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ் அன்று முதன்முறையாகத் தலைநிமிர்ந்தது.

தாராவி லிசா பன்னிரண்டாவது முடித்தவள். பிறவியிலேயே பார்வை இல்லை. பி.ஏ. சீட்டுக்கு நுழைவுத் தேர்வு. அவள் சொல்லாத ஒரு வார்த்தை தாளில் ஏறினாலும் தாள் செல்லாது, வருடமே போய்விடும்.

ஒத்திகையில் ஆங்கிலத்தில் நான்கு வரி சொன்னாள். படித்துக் காட்டச் சொன்னாள். பதினொரு வரி வந்தது.

"அங்கிள், இது யாரு சொன்னது?"

"நீதான் சொன்னே, கொழந்தே. நான் கொஞ்சம் கம்பீரம் சேர்த்தேன்."

"கம்பீரத்த வீட்ல வச்சிட்டு வாங்க. கை மட்டும் வந்தாப் போதும். இல்லன்னா வேற ஆளு பாத்துக்கிடுதேன், சம்ஜே? வெளங்குதா?"

வீட்டில் இதைக் கேட்ட அம்மிணிக்குத் தாங்க முடியாத ஆனந்தம். "நாப்பது வருஷமா என்னால முடியலை. அந்தக் குட்டி என்ன மருந்து கொடுத்தான்னு கேட்டுண்டு வாங்கோ!"

தேர்வு நாள். எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. கடைசிக் கேள்விக்கு லிசா தயங்காமல் சொன்னாள்: "காவிரி அரபிக்கடலில் கலக்கிறது."

பிறந்ததிலிருந்து அவள் இரைச்சல் கேட்ட கடல் மாஹிமில் இருக்கும் அந்த அரபிக்கடல் ஒன்றுதான்.

பேனா நின்றது. சந்திரமௌலி இருமினார். கண்காணிப்பாளர் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது இருமலை விழுங்கினார். வங்காள விரிகுடா விரல் நுனிவரை வந்து முட்டியது.

"எழுதிட்டீங்களா, அங்கிள்?"

"எழுதறேம்மா."

அழகான, சாய்வான எழுத்தில் காவிரியை மேற்கே திருப்பிவிட்டார்.

"முற்றுப்புள்ளி," என்றாள் லிசா.

அதன் பிறகே வைத்தார்.