கறைக்குக் கட்டமில்லை

வெளிநாட்டு உதவியில் நடக்கும் சுகாதாரத் திட்டம் ஒன்றில் நான் ஒன்றரை வருடம் வேலை பார்த்தேன். இப்போதும் மாத்தளை பஸ் நிலையத்தில் யாராவது அந்தத் திட்டத்தின் நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நின்றால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். தொப்பி என்ன பாவம் செய்தது? அதைப் போட்டுக்கொண்டு நான் பார்த்த வேலை அப்படி.

பதவியின் பெயர் கள உதவியாளர். உண்மையில் மொழிபெயர்ப்பு வேலை. சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆங்கிலமும் ஓரளவு வரும். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கை கழுவும் பழக்கத்தை வளர்க்க வேண்டும். எத்தனையோ நாடுகளில் இதே திட்டம், இதே படிவம், இதே சுவரொட்டி. சுவரொட்டியில் ஒரு குழாய், அதிலிருந்து தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டும், அடியில் இரண்டு பளபளப்பான கைகள். குழாயே இல்லாத மேல் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளின் சுவரில், அதை நானே பசை தடவி ஒட்டினேன். அப்போதே வெட்கம் வந்திருக்க வேண்டும். எங்கே வந்தது? புது வேலை கிடைத்த குஷியில் இருந்தேன்.

அந்தத் தோட்டத்தில் இரண்டு லயங்கள். கீழ் லயம் ரோட்டோரம். அங்கே வாசலில் குழாய் உண்டு, காலையும் மாலையும் தண்ணீர் வரும். அங்கிருப்பவர்களில் பாதிப்பேர் பஸ் ஏறி டவுனுக்குக் கடைவேலைக்குப் போகிறவர்கள். மேல் லயத்திலோ எல்லாப் பெண்களும் கொழுந்து பறிப்பவர்கள். அவர்கள் தண்ணீருக்குப் பள்ளத்தில் இருக்கும் பீலிக்கு இறங்க வேண்டும். பாறை இடுக்கில் மூங்கிலைச் செருகித் தண்ணீரை விழ விட்டிருப்பார்களே, அதுதான் பீலி. மழைக்காலத்தில் அந்தப் படிக்கட்டில் பாசி பிடித்துக் கிடக்கும். வெறுங்கையோடு ஏறவே பயமாக இருக்கும்.

மேல் லயத்துப் பெண்கள் சங்கத்துக்கு ஓர் அக்கா தலைவி. ஐம்பது வயதிருக்கும். வாய் என்றால் அப்படியொரு வாய். முதல் நாள் நான் சோப்பை நுரைத்துக் காட்டிக்கொண்டிருந்தபோது எழுந்து நின்றார்.

"கை கழுவச் சொல்றீங்க, ரொம்ப சந்தோசம் மிஸ். தண்ணிய யாரு தூக்கிட்டு வாறது? நீங்களா, ஒங்க தொப்பியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து மழுப்பினேன். பிறகு பரிசைச் சொன்னேன். பரிசோதனையில் எந்த லயத்தின் கைகள் அதிகச் சுத்தமாக இருக்கின்றனவோ, அந்த லயத்துக்குத் திட்டம் பெரிய தண்ணீர்த் தாங்கி ஒன்றைக் குழாயோடு கட்டித் தரும். அக்காவின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டு மாதம். தாய் கொழுந்துக்குப் போன பிறகு, அந்த வயிற்றோடு பீலிப் படியில் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறுவது அவள்தான்.

"மெய்யாத்தான் சொல்றீங்களா மிஸ்? அப்ப அந்தத் தாங்கி எங்களுக்குத்தான்" என்றார் அக்கா.

முதல் பரிசோதனைக்குக் கொழும்பிலிருந்து ஜீப்பில் ஒரு வெள்ளைக்கார நோனா வந்தார். நல்ல மாதிரியான பெண்தான், எல்லாருக்கும் கைகூப்பி வணக்கம் வைத்தார். மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்களை வரிசையாக நிறுத்திக் கைகளை நீட்டச் சொன்னார். கொழுந்து பறிக்கிறவர்களின் விரல் எப்படியிருக்கும் என்று மலைநாட்டில் பிறந்த யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கொழுந்தின் சாறு காய்ந்து, பெருவிரலும் ஆட்காட்டி விரலும் கறுத்து, வெடிப்புக்குள்ளே கோடு கோடாக இறங்கியிருக்கும். சோப்பு கரைந்துபோகும், கறை போகாது. அந்த விரலால் பிசைந்து ஊட்டிய சோற்றைத்தான் நானும் தின்று வளர்ந்தேன். என் அம்மாவும் கொழுந்துக்காரிதான்.

நோனா ஒவ்வொரு கையையும் பார்த்துப் படிவத்தில் 'அழுக்கு' என்ற கட்டத்தில் கோடு போட்டுக்கொண்டே போனார். நான் மெதுவாக, "இது அழுக்கில்லை, தேயிலைக் கறை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அப்படியா, ரொம்பச் சுவாரசியமாக இருக்கிறதே என்றார். சொல்லிவிட்டு அடுத்த கைக்கும் அதே கட்டத்தில் கோடு போட்டார். அடச்சீ!

மாத்தளை அலுவலகத்துக்குப் போய்த் திட்ட அதிகாரியிடம் சொன்னேன். அவர் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர்.

"கறைக்கு உதில கட்டமில்லைப் பிள்ளை. படிவம் வெளியில இருந்து வாறது. நாங்கள் மாத்தேலாது. இருக்கிறதை நிரப்பும்" என்றார்.

நிரப்பினேன். பரிசை முடிவு செய்யும் இரண்டாவது பரிசோதனைக்கு இரண்டு வாரம் இருந்தது. அதற்கிடையில் குடிதண்ணீரைச் சுத்தப்படுத்த ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு டின் குளோரின் தூள் வந்தது. ஒரு குடத்துக்கு எவ்வளவு என்ற விளக்கம் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் முழுக்க இருந்தது. எனக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். "ஒரு குடத்துக்கு இந்தச் சின்னக் கரண்டியால் ஒன்று. எல்லா அழுக்கையும் கொன்னுரும்" என்று இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டுக் கிளம்பினேன். தோலில் படக்கூடாது என்ற வரியைச் சொல்லவில்லை.

எல்லா அழுக்கையும் கொன்னுரும். அக்கா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். பரிசோதனைக்கு முதல் நாள் பேசினில் தண்ணீர் ஊற்றி, டின்னில் இருந்ததை அப்படியே கொட்டி, லயத்துப் பெண்களை எல்லாம் கூப்பிட்டுக் கைகளை முக்க வைத்திருக்கிறார். முக்கியெடுத்த கையைப் பானை தேய்க்கும் கம்பியால் தேய்த்திருக்கிறார்கள். எரியும்போதெல்லாம், "பொறுத்துக்கங்கடி, தாங்கி வருது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

மறுநாள் காலை நான் நோனாவோடு போனபோது வரிசையில் கைகள் நீண்டிருந்தன. கறை போயிருந்தது. கூடவே தோலும் போயிருந்தது. விரல் நுனிகள் வெந்து வெளுத்து, சிவந்து, சிலருக்கு நீர் வடிந்தது. அக்கா இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாருங்க மிஸ், ஒரு பொட்டு கறுப்பு இருக்கா?"

நான் கண்களைப் படிவத்தின் பக்கம் திருப்பினேன். என்ன நடந்தது என்று நோனா கேட்டார். அக்கா ஒன்றையும் மறைக்காமல் என்னிடம் சொன்னார். "நீங்க குடுத்த தூள்லதான் முக்குனோம்னு சொல்லுங்க மிஸ்." நான் நோனாவின் பக்கம் திரும்பி, ஏதோ ஒவ்வாமையாம் என்று மொழிபெயர்த்தேன். பொய்யை இவ்வளவு சுத்தமான ஆங்கிலத்தில் நான் அதற்கு முன் பேசியதில்லை.

படிவத்தில் புண்ணுக்குக் கட்டம் இருந்தது. 'கையில் புண், தொற்று அபாயம்'. சுத்தத்துக்கும் கீழே, அழுக்குக்கும் கீழே, கடைசிக் கட்டம். மேல் லயம் முழுக்க அதில் விழுந்தது. கீழ் லயத்துக் கடைவேலைப் பெண்கள் வாசல் குழாயில் கழுவிவிட்டு வந்து அழகாகக் கையை நீட்டினார்கள். தாங்கி அவர்களுக்குப் போனது. குழாய் இருக்கிற லயத்தின் கை சுத்தமாக இருந்ததால் அதற்கு இன்னொரு குழாய்! தூ! இதைக் கண்டுபிடிக்க வெளிநாட்டில் படித்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

அக்கா பத்து நாள் கொழுந்துக்குப் போகவில்லை. தூளைப் பற்றி யாரிடமும் புகார் சொல்லவில்லை. வெந்த கைக்கு மருந்து கேட்டுக்கூட என்னிடம் வரவில்லை. நானாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். கொடுக்கவில்லை. ஏன் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

தாங்கித் திறப்பு விழாவுக்கு மேளம் வைத்திருந்தார்கள். நோனா குழாயைத் திறந்தார், கைதட்டினோம். கூட்டத்தின் பின்னாலிருந்து அக்கா வந்தார், இடுப்பில் காலிக் குடம். யாரையும் பார்க்கவில்லை. குழாயடியில் குடத்தை வைத்து நிரப்பி, துணி சுற்றிய கையால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டுப் பாதையில் நடந்தார். விழா நாள் என்பதால் யாரும் தடுக்கவில்லை. மறுநாள் கீழ் லயத்தார் குழாய்க்குப் பூட்டுப் போட்டார்கள். கொழும்பிலிருந்து வந்த படப்பிடிப்பாளர் மட்டும் ஓடி ஓடி, மேடேறும் அக்காவைப் படமெடுத்தார்.

வருடக் கடைசியில் அந்தப் படம் திட்டத்தின் கலண்டரில் அட்டைப்படமாக வந்தது. கீழே போட ஆங்கிலத்தில் ஒரு வரி அனுப்பியிருந்தார்கள். தமிழாக்குவது என் வேலை. 'வீட்டு வாசலிலேயே சுத்தமான தண்ணீர்' என்று எழுதினேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

கலண்டர் கொடுக்க மேல் லயத்துக்கும் போக வேண்டியிருந்தது. அக்கா தன் வீட்டுக் காம்பரா வாசலில் பேரப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் பீலியிலிருந்து வந்து குடத்தை இறக்கி வைத்தாள். பிள்ளை பெற்று இரண்டு மாதம்கூட ஆகாத உடம்பு, மூச்சு வாங்கியது. அவள்தான் கலண்டரை வாங்கி அந்த வரியைச் சத்தமாக வாசித்தாள். வாசித்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"யாரு மிஸ் இத எழுதுனது?" என்று அக்கா கேட்டார்.

"கொழும்புலருந்து எழுதி வந்துச்சுக்கா."

"அதானே பாத்தேன்" என்றார் அக்கா. "தோட்டத்துல பொறந்த புள்ள இப்பிடி எழுதுமா?"

மகளைக் கூப்பிட்டு எனக்குப் பிளேன்டீ ஊற்றச் சொன்னார். அவள் இறக்கி வைத்த குடத்திலிருந்தே தண்ணீர் எடுத்துக் கேத்தலில் வைத்தாள். அக்கா கிளாசை நீட்டியபோது விரல்களைப் பார்த்தேன். புதுத்தோல் வந்து, அதற்கு மேல் பழையபடி கறை ஏறியிருந்தது. வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.