சனீஸ்வரனிடம் ஒரு சுளுக்குக் கேட்டேன்

என் மகன் அமெரிக்காவில் ஃபுட்போல் ஆடுகிறான் என்று லண்டன் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். ஆடுகிறான் என்பது கொஞ்சம் கூடுதலான சொல். ஒஹாயோவில் சோளக் காடுகளுக்கு நடுவே ஒரு சின்னக் கல்லூரி. மூன்றாம் டிவிஷன், அதற்குக் கீழே இறங்கப் படி இல்லை. அந்த டீமில் அவன் இரண்டாவது கிக்கர். மற்றவர்கள் ஹெல்மெட்டோடு மோதி உருண்டு முடிய, கிக்கர் உள்ளே வந்து அந்த முட்டைப் பந்தை ஒரே ஒரு உதை உதைப்பான். இரண்டு கம்பங்களுக்கு நடுவால் போனால் மூன்று புள்ளி. முதலாவது கிக்கருக்கு ஏதாவது நடந்தால்தான் இரண்டாவது ஆளுக்கு வேலை. மூன்று வருசமாக ஒன்றும் நடக்கவில்லை.

ஸ்ட்ரெதமில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு மேட்ச் லைவில் வரும். ஒரே ஒரு கமெரா. பிடிக்கிற மாணவனுக்கு அலுப்பு வந்தால் படம் ஒரு பக்கமாகச் சாயும். அப்போதுதான் பெஞ்சு தெரியும். மூன்று வருசமும் என் மகனின் முதுகை அப்படித்தான் பார்த்தேன். அதுவும் இருந்து பார்க்கமாட்டேன். சோபாவுக்கும் குசினிக்கும் இடையில் நடந்துகொண்டே இருப்பேன்.

"இஞ்சேருங்கோ, கார்ப்பெட் தேயுது. அவனே பேசாமல் இருக்கிறான், நீங்கள் ஏன் ஓடுறியள்?" என்பாள் மனைவி.

"எங்கட குடும்பத்தில ஆராவது ஒராள் ஓடவேணுமெல்லே."

நாலாவது வருசம் வந்தது. அதோடு படிப்பும் முடிகிறது, ஆட்டமும் முடிகிறது. ஒரு தரமாவது அவன் உதைப்பதைப் பார்க்கவேண்டும் என்பது எனக்கு நெஞ்சில் கல்லாக இருந்தது. அந்த நேரம் பார்த்துப் புரட்டாதிச் சனி தொடங்கியது. மகனுக்கு ஏழரைச் சனி, எள்ளெண்ணெய் எரிக்கவேண்டும் என்று மனைவி என்னை விம்பிள்டன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

எள்ளுப் பொட்டலம் எரிந்துகொண்டிருந்தது. நான் சனீஸ்வரன் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, கவுன்சில் ஃபோர்ம் நிரப்புகிறவன் மாதிரி விவரமாகக் கேட்டேன். அந்த முதலாவது கிக்கருக்கு வலது கால். பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒரு சுளுக்கு. இரண்டு கிழமை, பதினாலு நாள் போதும்.

அந்தப் பொடியன் என் மகனின் ரூம்மேட். செம்பட்டைத் தலைமயிர். கிறிஸ்மஸுக்கு மகனைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு போட்டவன். இதெல்லாம் தெரிந்துதான் கேட்டேன்.

அடுத்த சனி, கோயிலில் வேட்டி மடிப்புக்குள் ஃபோனைச் செருகிக்கொண்டு நின்றேன். நவக்கிரகத்தைச் சுற்றுகிற சாட்டில் ஒரு சுற்றுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். நாலாவது சுற்றில் செம்பட்டைத் தலையன் புல்லில் கிடந்தான், வலது முழங்காலைப் பிடித்தபடி. ஐந்தாவது சுற்றை நான் சுற்றவில்லை.

காருக்குள் எல்லாவற்றையும் மனைவியிடம் கக்கினேன்.

"விசரே உங்களுக்கு? சனீஸ்வரனிட்டை ஆராவது ஒண்டு கேப்பினமே? எங்களை விட்டுடு எண்டு கும்பிட்டுப்போட்டு, திரும்பிப் பாக்காமல் வாறதெல்லோ! நீங்கள் வீட்டு விலாசத்தையும் குடுத்திட்டு வந்திருக்கிறியள்!"

அவள் சொன்னது சரி. ஊரிலிருந்து ஸ்ட்ரெதம் வரைக்கும் எங்கள் சனம் முழுக்க அவர் கண்ணில் படாமல் ஒதுங்கி நடக்கிறது. நான் ஒருவன் மட்டும் கை உயர்த்தி, இஞ்சை வாங்கோ என்று கூப்பிட்டிருக்கிறேன்.

சுளுக்கு இல்லை, முழங்காலில் கிழிவு, அவனுக்கு சீசன் முடிந்தது என்று மகன் ஃபோனில் சொன்னான். சொன்ன குரலில் சந்தோசமே இல்லை. அடுத்த மேட்சில் அவன் இரண்டு தரம் உதைத்தான், இரண்டும் வெளியே. அதற்கடுத்த மேட்சில் ஒன்று, அதுவும் வெளியே. பிறகு அந்த மேட்ச் முடியும்வரை கோச் அவனை அனுப்பவேயில்லை. பெஞ்சில் மறுபடியும் அதே முதுகு. இப்போது பக்கத்தில் ஊன்றுகோலோடு இன்னொரு முதுகு. எனக்கு இருக்கவும் ஏலவில்லை, நடக்கவும் ஏலவில்லை. செய்த வேலையைத் திருப்பி எடுக்கவேண்டும். கடைசிப் புரட்டாதிச் சனிக்கு முதல் நாள் மகனுக்கு ஃபோன் அடித்தேன்.

"தம்பி, உன்ர ரூம்மேட் பிறந்த நாள், நேரம், ஊர் எல்லாம் வேணும்."

"அப்பா, அவன்ர பேர்த் டைம் உங்களுக்கு எதுக்கு?"

"அர்ச்சனைக்கு. நட்சத்திரம் பாக்கவேணும்."

"ஏன் அவனுக்கு அர்ச்சனை?"

சொன்னேன். வலது கால், இரண்டு கிழமை என்பதையும் விடாமல் சொன்னேன்.

"அப்பா," என்றான். "த்ரீ இயேர்ஸா, அவன் ஓடிப்போய் உதைக்கேக்க எல்லாம், வழுக்கு வழுக்கு எண்டு நானும் நினைச்சனான். இப்ப நான் பந்துக்கு முன்னால நிண்டா அவன்ர முழங்கால்தான் தெரியுது."

"அப்ப அவனிட்டைச் சொல்லு."

"நீங்கள் சொல்லுங்கோவன்!"

"நான் அப்பன். எனக்குப் பயமாக் கிடக்கு."

ஒரு மணித்தியாலம் கழித்து மெசேஜ் வந்தது. செம்பட்டைத் தலையன் சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழப் பார்த்தானாம். லண்டனிலிருந்து ஒருவர் தன் காலைக் கடவுளிடம் கேட்குமளவுக்குத் தான் பெரிய ஆளா என்று அவனுக்குப் பெருமையாம். தாயிடம் கேட்டு நேரமும் அனுப்பியிருந்தான்: விடிய நாலு இருபது.

அடுத்த நாள் கோயிலில் ஐயர் அந்தப் பெயரை மூன்று துண்டாக உடைத்துச் சொன்னார். அமெரிக்கன் கொமென்டரிக்காரன் என் மகனின் பெயரை அப்படித்தான் உடைப்பான். கணக்குச் சரி.

நவம்பரில் கடைசி மேட்ச். கடைசிக் குவார்ட்டரில் இருபத்துநாலு புள்ளி பின்னால் நின்றார்கள். அந்த நேரத்தில் மூன்று புள்ளி யாருக்கும் வேண்டாம், எங்கள் வீட்டைத் தவிர. ஆனால் கோச் கையைக் காட்ட, மகன் உள்ளே ஓடினான். நான் குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். அவன் இரண்டு அடி பின்னால் வைத்து, ஒரு மூச்சு எடுத்தான். கால் பந்தில் பட்டது. அந்த நேரம் பார்த்துக் கமெராக்காரனுக்கு அலுப்பு வந்துவிட்டது. படம் பக்கமாகச் சாய்ந்தது.

பெஞ்சு தெரிந்தது. செம்பட்டைத் தலையன் ஒற்றைக் காலில் எழும்பி நின்று, இரண்டு ஊன்றுகோலையும் தலைக்கு மேலே தூக்கிக் கத்தினான்.

நான் முதல்தடவையாகச் சோபாவில் இருந்தேன். கை தானாகக் கும்பிட்டது. மனைவி பார்த்துவிட்டாள்.

"ஆரைக் கும்பிடுறியள்?"

"அவருக்கு ஒரு தாங்க்ஸ் சொல்லவேண்டாமே?"

"வேண்டாம்," என்று என் கையைப் பிடித்துக் கீழே வைத்தாள். "இந்த வீட்டில ஆக்கள் இருக்கினம் எண்டே அவருக்குத் தெரியவேண்டாம்."