முப்பத்திமூணு ஓமனாவும் நாலு கால் கதலியும்

குழித்துறைச் சந்தையில் ஒரு ஆளுக்கு வட்டப்பேர் விழுந்துவிட்டால் அப்புறம் சொந்தப் பேர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கும். டீக்கடை தங்கையன் தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் ஆற்றில் விழுந்து தானாகவே நீந்திக் கரையேறினார். அன்றிலிருந்து அவர் தவளை. கல்யாணப் பத்திரிகையில் தங்கையன் என்று போட்டபோது பாதிப் பேர் அது யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டார்கள்.

வாழைக்குலைக் கடை ஓமனாவுக்கு விழுந்த பேர் முப்பத்திமூணு. பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் அவள் வாங்கிய மார்க் அது. முப்பத்தைந்து வாங்கினால் பாஸ். அதே பெஞ்சில் பக்கத்தில் இருந்த ஜெபகனி சரியாக முப்பத்தைந்து வாங்கினாள். வாங்கினவள் சும்மா இருக்கக் கூடாதா? மார்க் லிஸ்ட் வந்த அன்றே சந்தை முழுக்கச் சொல்லிவிட்டாள். பிறகு விதி வேறு இருவரையும் எதிரெதிரே உட்கார்த்திவிட்டது. இந்தப் பக்கம் ஓமனாவின் வாழைக்குலை, அந்தப் பக்கம் ஜெபகனியின் மரச்சீனிக் கிழங்கு. முப்பத்திநாலு வருஷமாகக் காலையில் சாக்கை விரிக்கும்போதே, "ஏட்டி முப்பத்திமூணு, வந்தியா?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வரும்.

இத்தனைக்கும் கணக்கில் ஓமனாவை அடிக்க அந்தச் சந்தையில் ஆள் கிடையாது. குலையைக் கையில் தூக்கினால் எடை சொல்லுவாள், தண்டுக் கழிவு போக எவ்வளவு நிற்கும் என்பதையும் அதே மூச்சில் சொல்லுவாள். தராசு அவளோடு நூறு கிராம் கூட மாறுபடாது. ஆனாலும் அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சுக்குள் ஒரு முள் குத்தத்தான் செய்தது. வெளியே சிரித்துக்கொள்வாள்.

ஒரு மழை நாள் மத்தியானம், ஈ ஓட்டவும் ஆளில்லாத நேரம், போனில் ஒரு மலையாள வீடியோ வந்தது. திருச்சூர்க்காரர் ஒருவர் தன் வீட்டு அடுக்களையில் நாலு கால் இயந்திரம் ஒன்றை நடக்கவிட்டார். அது இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்து, குப்பைக்கூடையில் முட்டி, யோசித்து, திரும்பிப் போனது. ஓமனா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் திரும்பப் பார்த்தாள். நாலாம் நாள் புருஷன் முருகதாஸிடம் பேச்சை எடுத்தாள். முருகதாஸ் குலை ஏற்றும் வேன் ஓட்டுகிறவர், எதற்கும் அவசரப்படாத மனுஷன்.

"இஞ்ச பாருங்க, எனக்கு இதுமாதிரி ஒண்ணு செய்யணும்."

"என்னத்துக்கு?"

"நடக்குதுல்லா, அதுக்குத்தான்."

முருகதாஸுக்கு அந்தக் காரணம் போதுமானதாக இருந்தது.

கடை விலாசத்துக்குப் பார்சல் வர ஆரம்பித்தால் ஜெபகனிக்குத் தெரியாமல் இருக்குமா? கிழங்கை அப்படியே போட்டுவிட்டு வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "இது நடக்குமாட்டி முப்பத்திமூணு? கணக்குல்லா தெரியணும் இதுக்கு?"

ஓமனாவுக்குச் சுருக்கென்றது. "ஆடி அமாவாசைக்கு வாவுபலிப் பொருட்காட்சியில நடக்கும் பாரு. பன்னிரண்டடி. ஒருத்தர் கைபடாம. நடந்தா நீ என்னைப் பேரு சொல்லித்தான் கூப்பிடணும்."

"நடக்கலேன்னா?"

"சாவுத வரைக்கும் முப்பத்திமூணுன்னே கூப்பிடு. கல்லறையிலயும் எழுதி வை."

தவளை தங்கையன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சாட்சிக்கு நின்றார். சந்தையில் விட்ட வார்த்தை விட்டதுதான். அன்று ராத்திரி ஓமனாவுக்குச் சோறு இறங்கவில்லை, ஆனால் சிரிப்பு மட்டும் வந்துகொண்டே இருந்தது.

முதலில் மோட்டார். இந்த வேலைக்குச் சர்வோ என்று ஒரு மோட்டார் உண்டு. சும்மா சுற்றிக்கொண்டே இருக்காது, இத்தனை டிகிரி திரும்பு என்றால் திரும்பி அங்கேயே பிடித்துக்கொண்டு நிற்கும். காலுக்கு மூன்று வீதம் பன்னிரண்டு வேண்டும். ஓமனா விரல்நீளத்தில் நீலநிறச் சர்வோ பன்னிரண்டை வாங்கி மாட்டினாள். கதலி என்று பேரும் வைத்தாள். கதலி எழுந்து நிற்க முயன்ற முதல் நிமிஷத்திலேயே கறகறவென்று ஒரு சத்தம். கழற்றிப் பார்த்தால் உள்ளே பிளாஸ்டிக் பல்லெல்லாம் மாவாகிக் கிடந்தது.

அடுத்து உலோகப் பல் வைத்தது வந்தது. அதன் ஸ்டிக்கரில் இருபது என்று போட்டிருந்தான். அதாவது ஒரு சென்டிமீட்டர் நீளக் கையில் இருபது கிலோ தூக்கும், பத்து சென்டிமீட்டர் கையென்றால் இரண்டு கிலோ. ஓமனா இதை முருகதாஸை வைத்துச் சோதித்தாள். ஒரு நேந்திரன் குலையைக் கொடுத்து நெஞ்சோடு அணைக்கச் சொன்னாள். அணைத்தார். கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னாள். இரண்டு எண்ணுவதற்குள் குலை கீழே இறங்கியது.

"குலை ஒண்ணுதான், கை நீண்டா பாரம் கூடுது. கண்டீங்களா?"

"கண்டேன், கண்டேன். தோள் போச்சுடி."

ஆனால் ஸ்டிக்கரை நம்பி வாங்குகிறவள் வியாபாரியே அல்ல. சர்வோவை மேஜை விளிம்பில் திருகி, பத்து சென்டிமீட்டர் அளவுகோல் துண்டை அதன் கையாகக் கட்டி, நுனியில் நேந்திரன் காயை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டாள். நாலு காய் வரைக்கும் ஜம்மென்று தூக்கியது. ஐந்தாவதில் முனகியது. ஆறாவதில் முடியாது என்று தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. ஐந்து காயை நிறுத்துப் பார்த்தாள், ஒரு கிலோ நூறு. ஸ்டிக்கரில் இருபது, உள்ளே பதினொன்று. இவ்வளவு கழிவா என்று வாயில் கைவைத்தாள்.

அதற்காக அவள் பெரிய மோட்டாருக்குப் போகவில்லை. கதலியின் எடை இரண்டு கிலோ. நடக்கும்போது இரண்டு கால் மேலே போனால் மிச்ச இரண்டு காலுக்கும் ஆளுக்கு ஒரு கிலோ. கால் பத்து சென்டிமீட்டர் இருந்தால் பத்து வேண்டும், கையில் இருப்பது பதினொன்று, இது ரொம்ப இறுக்கம். சரி, காலை ஏழாக வெட்டிவிட்டால்? ஏழு போதும், மிச்சம் நாலு கையிருப்பில் நிற்கும். கதலி குட்டைக்காலி ஆனது. அந்தக் கணக்கைச் சிட்டைத்தாளின் பின்பக்கம் போட்டு முடித்ததும் சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து விடைக்குப் பக்கத்தில் ஓமனாவே ஒரு சரி போட்டுக்கொண்டாள்.

பாட்டரி விஷயத்தில்தான் அம்மணி சறுக்கினாள். பெரிய பாட்டரி போட்டால் அதைச் சுமக்கவே கதலிக்குத் தெம்பு போய்விடும், சின்னது போட்டால் வழியிலேயே பசி எடுத்துவிடும். நடுத்தரமாக ஒன்று தேடியபோது, கல்யாண வீடுகளில் டிரோன் பறக்கவிட்டு வீடியோ எடுக்கும் சுஜின் நினைவுக்கு வந்தான். அவன் ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், "பழசு மூணு அந்தப் பெட்டியில இருக்கு அக்கா, வேண்டியதை எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான்.

மூன்றையும் ஓமனா கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தாள். இரண்டு தட்டையாக, பிஞ்சுக்காய் போல விளிம்பு கூராக இருந்தன. ஒன்று மட்டும் நன்றாக உருண்டு திரண்டு கொழுகொழுவென்றிருந்தது. முப்பத்திநாலு வருஷம் குலை பார்த்த கை அது, விளைந்தது எது பிஞ்சு எது என்று அதற்குச் சொல்லித்தர வேண்டுமா? கொழுத்ததை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

கதலி அதைப் போட்டுக்கொண்டு ஐந்தடி நடந்து மண்டியிட்டது. பாட்டரி வெதுவெதுவென்று இருந்தது. "விளைஞ்சதுதான், ஆனா பழுக்கல போலிருக்கு" என்று முருகதாஸிடம் சொல்லிக்கொண்டே, சந்தேகத்துக்கு அதைப் படம் எடுத்துச் சுஜினுக்கு அனுப்பினாள். அரை நிமிஷத்தில் போன் அலறியது. பின்னால் நாதஸ்வரம், முன்னால் சுஜின்.

"அக்கா! அது விளைஞ்சதில்ல, வீங்கினது! உள்ள கேஸ் கட்டியிருக்கு, தீப்பிடிக்கும்! வெளிய கொண்டு போங்க! மணல்ல வையுங்க!"

எதற்கும் அவசரப்படாத முருகதாஸ் அன்று ஓடினார். பாட்டரியை முறத்தில் ஏந்தி, கையைத் தன்னிடமிருந்து எவ்வளவு தூரம் நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, கோழிகளைச் சிதறடித்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து மணல் வாளிக்குள் இறக்கினார். கல்யாணச் சாப்பாடு கூடச் சாப்பிடாமல் வந்த சுஜின் அதை வாங்கிக்கொண்டு போனான். அது ஒன்றும் செய்யவில்லை. ஆனால் ஓமனாவும் முருகதாஸும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சாயங்காலம் வரை சிரித்தார்கள். மறுநாள் தட்டையாகப் புத்தம்புதிது ஒன்று வந்தது.

கடைசித் தலைவலி மூளை. கட்டைவிரல் அகலத்தில் ஒரு போர்டு வாங்கியிருந்தாள். முதலில் அதன் வழியாகவே மோட்டார்களுக்கும் கரண்ட் கொடுத்ததில் மூளை சூடாகிக் கருகிப்போனது. இரண்டாவது போர்டுக்குத் தனி வழி, மோட்டார்களுக்குத் தனி வழி. அப்படியும் ஒரு தொல்லை பாக்கி. எல்லாக் காலும் சேர்ந்து முக்கும்போது பாட்டரியில் கரண்ட் ஒரு நொடி தாழும், மூளை அணைந்து எரியும், கதலி படுத்துவிடும், மறுபடி பட்டனை அழுத்தினால்தான் எழும்பும்.

வழி கடையிலேயே இருந்தது. சந்தையில் கரண்ட் போய் வந்தால் ஓமனா கடைப் பழைய ஃபேன் யாரையும் கேட்காமல் தானாகச் சுற்றும். ஜெபகனியின் புது ரிமோட் ஃபேன் யாராவது அமுக்கும் வரை சும்மா நிற்கும். கதலி பழைய ஃபேன் மாதிரி இருக்கட்டும் என்று ஓமனா முடிவு செய்தாள். உயிர் வந்ததும் நாலு நொடி பொறு, எழும்பு, நட. திருச்சூர்க்காரரின் வீடியோவைப் பதினேழு தடவை பார்த்து அந்த நாலு வரியை எழுதினாள்.

அமாவாசைக்கு முன்னோருக்குப் பலிபோட ஆற்றங்கரையில் கூடும் ஜனத்துக்காக நடக்கிற அந்தப் பொருட்காட்சியின் விண்ணப்பத்தில் வாழை, கிழங்கு, இதர என்று மூன்று கட்டம் இருந்தது. ஓமனா இதரவில் டிக் செய்தாள். பொறுப்பாளர் பகவதியப்பன் கதலியை எங்கே வைப்பது என்று தெரியாமல் இராட்சதச் சேனைக்கிழங்குகளுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார். ஆறடிப் பலகை இரண்டைச் சேர்த்துப் பாதை போட்டாயிற்று. சந்தையே திரண்டு வந்திருந்தது. முன்வரிசையில் ஜெபகனி, வெள்ளைச் சேலையில், பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனைக்குப் போகிறவள் போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கொள்ளாம், நல்லாருக்கு. விடு மக்கா" என்றார் தவளை தங்கையன்.

ஓமனா ஸ்விட்சைத் தட்டிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கதலி எழுந்தது. இடுப்பை ஆட்டியது. ஒரு அடி வைத்தது. கூட்டம் ஓவென்று கத்தி, ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தது. பத்தில் ஓமனாவுக்குக் கால் தரையில் இல்லை. இருபதில் முருகதாஸ் விசிலடித்தார், அவருக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே அன்றுதான் தெரிந்தது. முப்பதில் எண்ணிக்கை ஆற்றுப்பாலம் வரை கேட்டது.

பலகை இரண்டும் சேரும் இடத்தை முன்கால்கள் எப்படியோ தாண்டிவிட்டன. இரண்டாவது பலகை ஒரு விரல்கடை உயரம். பின்கால்கள் அதில் ஏறும்போது நாலு காலும் சேர்ந்து முக்கின. விளக்கு அணைந்தது. கதலி மடங்கிப் படுத்தது.

"முப்பத்திமூணு" என்று கூட்டம் எண்ணி முடித்திருந்தது.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஐயோ பாவம் என்று பகவதியப்பன் குனிந்து கதலியைத் தூக்கப் போனார்.

"தொடாதீங்க சார்!"

அந்தச் சத்தத்தில் அவர் மைக்கைக் கீழே போட்டார். ஓமனா வாய்க்குள் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. விளக்கு எரிந்தது. கதலி சோம்பல் முறிப்பது போல நாலு காலையும் நீட்டி எழுந்து பின்காலைத் தூக்கி மேலே வைத்தது.

"முப்பத்திநாலு!"

அடுத்த எண்ணைக் கூட்டம் சொல்லவில்லை. சொன்னது ஒரே ஒரு தொண்டைதான், அதுவும் ஆற்றின் மறுகரை வரை கேட்கிற தொண்டை.

"பாஸ்! பாஸுட்டி! பாஸ்!"

ஜெபகனி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். கதலி அதையெல்லாம் கவனிக்காமல் அறுபத்திநாலு வரை நடந்து, பலகை முடிந்த பிறகும் நடக்கப் பார்க்க, ஓமனா பாய்ந்து மடியில் ஏந்திக்கொண்டாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று முருகதாஸிடம் கேட்டால் ரெண்டும் என்பார். முதல் பரிசு சேனைக்குத்தான் போனது. அது நியாயம்தான், நல்ல சேனை.

மறுநாள் காலை ஓமனா வழக்கம்போலச் சாக்கை விரித்துக் குலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஏட்டி ஓமனா, வந்தியா?"

வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்து ஓமனா திரும்பவில்லை. ஜெபகனி மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது.