நாற்பத்தோரு இடத்தில் கம்பெனி

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஸ்டூடியோ உரிமையாளர். கம்ப்யூட்டரில் ஒலியை வெட்டி ஒட்டும் பெண். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றுத் தன் புத்தகத்தைத் தானே எழுதி, தானே வாசித்தும் கொடுத்த அண்ணாச்சி. ஃபிளாஸ்கில் சுக்குவெந்நீரோடு அவருக்குத் துணையாக வந்திருந்த அவர் மனைவி. ஐந்தாவது ஆள் நான். மேசைமேல் என் கையெழுத்தில் பதினோரு பக்கம், சிவப்பு மையில் எழுதியது, கிடந்தது. அதையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொண்டாலும் தப்பில்லை. அன்று அதிகம் பேசியது அதுதான்.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் சாவி கொடுப்பதும் பதிவேடு எழுதுவதும் என் வேலை. சீசனில் மூச்சுவிட நேரம் இருக்காது. சீசன் போய்விட்டால் காயாத துண்டுகளும் நானும்தான். அந்த நேரத்தில்தான் காதில் மாட்டிக்கொண்டு போர்க்கதை கேட்கும் பழக்கம் வந்தது. படிக்கிற புத்தகம் இல்லை, ஒருவர் வாசிக்க நாம் கேட்கிற புத்தகம்.

ஏன் போர் என்று கேட்டால், எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். கேஸை மூடினேனா, மூன்றாவது மாடியில் பிள்ளையோடு இருப்பவர்கள் பால்கனிக் கதவைத் தாழ் போட்டார்களா, அருவியில் தண்ணீர் கூடுகிறது என்று விசில் ஊதியது பதினான்காம் நம்பர் அறைக்காரர் காதில் விழுந்திருக்குமா. பூட்டைப் பூட்டிவிட்டு நாலு தடவை இழுத்துப் பார்ப்பேன். போர்க்கதையில் பயம் எல்லாம் முடிந்துபோன பயம். யார் ஜெயித்தார்கள் என்று முதலிலேயே தெரியும். அடுத்தவர் கவலையை நான் உட்கார்ந்து கேட்டால் போதும்.

நிறையக் கேட்டதில் ஒரு திமிரும் வந்தது. இந்த ஆள் பீரங்கிச் சத்தத்தை வாயாலேயே கொடுக்கிறான், புத்தகத்தைக் கெடுக்கிறான் என்பேன். இந்த அம்மா செத்தவர்கள் எண்ணிக்கையைப் பலசரக்குச் சீட்டு மாதிரி வாசிக்கிறாள் என்பேன். விஷயத்திலும் எனக்கு ஒரு அளவுகோல் உண்டு: சோறு எங்கே? பத்தாயிரம் பேர் மலை ஏறினார்கள் என்று எழுதுகிறவர், அவர்களுக்கு எங்கே உலை வைத்தார்கள் என்று எழுதவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை நான் நம்புவதில்லை. லாட்ஜில் நாற்பது பேர் வந்தாலே காலை இட்லிக்கு என்ன பாடு என்று எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் ஒருநாள் வரவேற்பு மேசையில் நின்று, தங்க வந்த ஒருவரிடம் ஒப்பித்துவிட்டேன். அவர்தான் ஸ்டூடியோ உரிமையாளர். மேலகரத்தில் ஒரு மாடியில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறார். காசு கட்டுகிறவர்களின் புத்தகங்களை ஒலிப்புத்தகமாக ஆக்கிக் கொடுப்பது தொழில்.

"நல்லா சொல்லுதீங்களே சார். நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"ஹிஸ்டரி" என்றேன்.

ஒரு சொல்தான். எட்டாம் வகுப்போடு பையைத் தூக்கிப் போட்டவன் நான். எட்டாம் வகுப்பிலும் வரலாறு ஒரு பாடம்தானே என்று அன்று ராத்திரி எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். தூக்கம் வரவில்லை. ஆனாலும் வேலையை ஒப்புக்கொண்டேன். புத்தகம் வெளியே போகும் முன்னால் முழுக்கக் கேட்டு, வாசிப்பில் என்ன பிழை, விஷயத்தில் என்ன பிழை என்று குறித்துக் கொடுக்க வேண்டும். கேட்கிற ஒரு மணி நேரத்துக்கு நூறு ரூபாய். கேட்டு முடித்ததும் ஃபைலை போனிலிருந்து அழித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை.

சிவப்புப் பேனா அவர்கள் கேட்டது இல்லை. நானாக வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் என் நோட்டில் சிவப்பு மைதான் அதிகம் இருக்கும். அதை நான் பிடிக்கும்போது கை எப்படி இருந்தது என்று இப்போது சொல்லவே கூசுகிறது.

நாலாவதாக வந்தது அண்ணாச்சி புத்தகம். எல்லைச் சண்டை ஒன்றில் தன்னோடு இருந்தவர்களைப் பற்றி எழுதியிருந்தார். ஒன்பது மணி நேரம். அதில் சோறு இருந்தது. பனியில் பருப்பு வேகாததும், அரை வேக்காட்டில் தின்றுவிட்டு எல்லோருக்கும் வயிறு போனதும் இருந்தது. நல்ல புத்தகம் என்று கேட்கும்போதே தெரிந்தது. நல்ல புத்தகத்தில் பிழை கண்டுபிடித்தால்தானே ஹிஸ்டரி படித்தவன் என்று நம்புவார்கள்? அதனால் தேடினேன்.

'வட்டார வாடை தெரிகிறது, திருத்தவும்' என்று இருபது இடத்தில் எழுதினேன். அவர் பேசியது நான் வீட்டில் பேசுகிற பேச்சு. எட்டாம் அத்தியாயத்தில் ஒரு இடத்தில், குண்டு விழுந்து புகை அடங்கியதைச் சொல்லிவிட்டு, "ஐந்து பேர்" என்று வாசிக்கிறார். அதன்பின் சத்தமே இல்லை. நான் போன் நின்றுவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. 'பத்தொன்பது விநாடி வெற்றிடம், வெட்டவும். குரல் கம்முகிறது, இந்தப் பகுதியை மறுபடி வாசிக்கவும்' என்று குறித்தேன்.

பிறகு 'கம்பெனி'.

எங்கள் பக்கம் சண்டைக் கதை என்றால் பாளையக்காரர் கதை. அதில் கம்பெனி என்றால் ஒரே அர்த்தம்தான், வெள்ளைக்காரன். கம்பெனிப் படை, கம்பெனித் துரை, கம்பெனிக்குக் கட்டாத வரி. நான் கேட்ட மற்ற புத்தகங்களில் படைப்பிரிவு, அணி என்றுதான் வரும். இவரோ வரிக்கு வரி 'எங்கள் கம்பெனி', 'எங்கள் கம்பெனி' என்கிறார். எண்ணினேன், நாற்பத்தோரு இடம். கடைசிப் பக்கத்தில் இரண்டு கோடு போட்டு எழுதினேன்: 'கம்பெனி ஆட்சி ஒழிந்து எவ்வளவோ காலம் ஆகிறது. சுதந்திர இந்தியாவின் ராணுவத்தைக் கம்பெனி என்பது வரலாற்றுப் பிழை. நாட்டுக்கே அவமானம்.'

தாளைக் கொடுத்தேன். ஃபைலை அழித்தேன். அழிந்ததா என்று நாலு தடவை பார்த்தேன்.

பத்து நாள் கழித்து, சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், உரிமையாளர் போன் செய்தார். "சார், அண்ணாச்சிக்கு ஒரு சந்தேகமாம். வந்து சொல்லிட்டுப் போங்க" என்றார். பஸ்ஸில் போகிற வழியெல்லாம் என் சான்றிதழைக் கேட்டுவிடுவார்களோ என்பதுதான் என் கவலை. அந்த மனிதரைப் பற்றி ஒரு கவலையும் எனக்கு இல்லை.

நான் நுழைந்ததும் அண்ணாச்சி எழுந்து நின்றார். எழுபது தாண்டியவர். குரல் கட்டிப்போயிருந்தது. மூன்று நாளாக வந்து, தாளில் உள்ளபடி ஒவ்வொன்றாகத் திருப்பி வாசித்துக் கொடுத்திருக்கிறார். எதையும் மறுக்கவில்லையாம். மேலே இருந்து சொன்னால் செய்கிற பழக்கம். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோதுதான் நின்றிருக்கிறார்.

"சார், கம்பெனி தப்புன்னு போட்டிருக்கீங்க. எனக்கு விளங்கலை. அதான் கூப்பிடச் சொன்னேன். கோவிச்சுக்கிடாதீங்க."

"அது வந்து அண்ணாச்சி, கம்பெனின்னா வெள்ளைக்காரன்லா?"

அவர் மனைவிதான் முதலில் சிரித்தார்.

"ஏங்க, அப்போ நீங்க இத்தன வருசம் வெள்ளைக்காரன்கிட்டயா சம்பளம் வாங்குனீங்க? எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"சும்மா இரு" என்றார் அவர். என்னிடம் திரும்பி, அவருக்கே கூச்சமாக இருப்பதுபோலச் சொன்னார். "பட்டாளத்துல கம்பெனின்னா ஒரு நூறு நூத்தியிருவது பேரு சார். நாலஞ்சு கம்பெனி சேந்தா ஒரு பட்டாலியன். இன்னைக்கும் அப்படித்தான் சொல்லுதாங்க."

கம்ப்யூட்டர் முன் இருந்த பெண் திரும்பினாள். "சார், நீங்க ஹிஸ்டரிதானே?" கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "நான் பாளையக்காரர் காலம்தான் ஸ்பெஷல்" என்றேன். உரிமையாளர் தலையை ஆட்டி, "அதானே, அது வேற பாடம்" என்றார். அவர் நம்பியதுதான் எனக்கு அதிக அசிங்கமாக இருந்தது.

அண்ணாச்சி தாளில் இன்னொரு இடத்தில் விரல் வைத்தார். "இந்தப் பத்தொம்பது செகண்ட். இத வெட்டச் சொல்லியிருக்கீங்க, சரிதான். இருந்தாலும் சொல்லிருதேன். அங்கன அஞ்சு பேர் பேரும் வரணும். ஒரு வீட்டுல பேர் போட வேண்டாம்னுட்டாங்க. ஒருத்தன விட்டுட்டு மத்த நாலு பேர மட்டும் எப்படிச் சொல்ல? அதான் வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டேன். ஊர், அப்பா பேரோட. அதுக்குத்தான் அவ்ளோ நேரம்."

அவர் விரலைத் தாளிலிருந்து எடுக்கவில்லை.

"அத மட்டும் பழசையே வச்சிருவோமா?" என்று கேட்டார். "மத்ததெல்லாம் நீங்க சொன்னபடியே இருக்கட்டும்."

பெண் உதட்டைக் கடித்தாள். "ஐயா, அது மேலயே புதுசப் பதிஞ்சிட்டேன். மொதல்ல பதிஞ்ச பழைய டேக்கையும் சனிக்கிழமை அழிச்சாச்சு. கம்ப்யூட்டர்ல இடமே இல்ல." சட்டென்று என்னைப் பார்த்தாள். "சார், உங்க போன்ல இருக்கும்லா?"

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

இல்லை என்று எனக்குத் தெரியும். அழித்துவிட்டு நாலு தடவை பார்த்தவன் நான். இருந்தும் போனை எடுத்து, தேடுகிற மாதிரி விரலால் தள்ளிக்கொண்டே இருந்தேன். லாட்ஜ் பில்கள், அருவிப் படங்கள், யாரோ அனுப்பிய காலை வணக்கம். "மெதுவாப் பாருங்க சார், அவசரமில்ல" என்றார் அண்ணாச்சி. அவர் மனைவி எட்டி என் போனைப் பார்த்தார். சிரிப்பு போயிருந்தது. "நல்லாத் தேடுங்க தம்பி. அந்த அஞ்சு பேருல ஒரு பையன் எங்க வீட்டுல மூணு நாள் தங்கியிருந்தான். எங்கையால சாப்பிட்டிருக்கான்" என்றார். நான் இன்னும் கொஞ்ச நேரம் தேடினேன். பிறகு, "இல்ல அண்ணாச்சி, அழிச்சிட்டேன்" என்றேன்.

"அழிக்கச் சொன்னது நாங்கதான்" என்று உரிமையாளர் எனக்காகப் பேசினார். "அண்ணாச்சி, இப்பவே இன்னொரு வாட்டி வாசிச்சிருங்க. அந்த இடத்துல நிறுத்தி, மனசுக்குள்ள சொல்லிக்கிடுங்க. அவ்ளோதானே?"

அவர் சுக்குவெந்நீரைக் குடித்துவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போனார். வெளியே நாங்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டோம். வாசித்தார். குண்டு விழுந்தது. புகை அடங்கியது. "ஐந்து பேர்" என்றார். நின்றார். திரையில் கோடு தட்டையாக ஓடியது. ஏழு விநாடியில் அடுத்த வரியைத் தொடங்கிவிட்டார். குரலில் ஒரு கம்மலும் இல்லை.

வெளியே வந்து, "வரலை" என்றார். "மூணு நாளா இதையே திருப்பித் திருப்பி வாசிச்சதுல பழகிப்போச்சு. பேரெல்லாம் சரசரன்னு ஓடுது."

"இல்ல அண்ணாச்சி, நல்லா சுத்தமா வந்திருக்கு" என்றார் உரிமையாளர்.

சுத்தமாகத்தான் வந்திருந்தது. என் தாளில் எழுதியிருந்தபடி. மறுநாள் கேட்கச் சொல்லி எனக்கே அனுப்பினார்கள். குறிப்பதற்கு ஒரு பிழையும் இல்லை. வேறு எந்தப் புத்தகத்திலாவது அந்த இடம் வந்திருந்தால், இந்த ஆள் இதைப் பலசரக்குச் சீட்டு மாதிரி வாசிக்கிறான் என்று எழுதியிருப்பேன்.

ஒரு வாரம் போனது. பிறகு விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கேட்டைத் திறந்த அவர் மனைவி உள்ளே பார்த்து, "ஏங்க, கம்பெனிக்காரர் வந்திருக்கார்" என்று குரல் கொடுத்தார். அண்ணாச்சி முன்னால் உட்கார்ந்து, எட்டாம் வகுப்பு என்பதைச் சொன்னேன். ஹிஸ்டரியும் இல்லை, பாளையக்காரரும் இல்லை என்று சொன்னேன்.

அவர் கேட்டது ஒன்றுதான். "ஸ்டூடியோவுல சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"ம்."

அந்த 'ம்'முக்கு ஒரு வசை எவ்வளவோ பரவாயில்லை. நான் பையிலிருந்து தொள்ளாயிரம் ரூபாயை எடுத்து வைத்தேன். அவர் புத்தகத்தைக் கேட்டதற்கு எனக்குக் கிடைத்த கூலி. என்னால்தான் மறுபடி வாசித்தீர்கள், அந்தச் செலவை நான் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. அவர் சொல்லவில்லை.

"மூணு நாள், ஏழு மணி நேரம். மணிக்கு நானூறுன்னு ஸ்டூடியோக்காரன் எங்கிட்ட வாங்குனான். ரெண்டாயிரத்து எண்ணூறு" என்றார். "பென்சன் காசு தம்பி. மெதுவாக் குடுங்க, ஆனா குடுத்திருங்க."

தம்பி என்றார். சார் போய்விட்டது. அதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. நிம்மதிப்பட என்ன இருக்கிறது என்று பஸ்ஸில் வரும்போது அதற்கும் வெட்கப்பட்டேன்.

உரிமையாளர் அடுத்த புத்தகத்தை அனுப்பினார். காது வலி என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய். நான் எழுதுகிற இதை அவர் வாசித்தால் எல்லாம் தெரிந்துகொள்வார். தெரிந்துகொள்ளட்டும். அண்ணாச்சி புத்தகம் இப்போது வெளியே வந்திருக்கிறது. 'கம்பெனி' நாற்பத்தோரு இடத்திலும் அப்படியே இருக்கிறது. எட்டாம் அத்தியாயத்தில் "ஐந்து பேர்" என்றதும் நான் போனை நிறுத்திவிட்டு, பத்தொன்பது எண்ணி, மறுபடி போடுவேன். எனக்கு அந்தப் பேர்கள் தெரியாது. வெறுமனே எண்ணுவேன்.

சீசன் முடிந்ததும் ஐந்நூறு கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்னும் பாக்கி ஆயிரத்து நானூறு ரூபாய்.