தேயாத ரப்பர்

இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் ஸுல்பிகா பிள்ளைகளின் காலைத் தொடுவார். தொட்டதும் ஒரு கேள்வி வரும். "உங்கட பக்கம் இப்ப என்ன மீன் படுது புள்ள?" சூடை, கீரி, பாரை என்று பிள்ளை யோசித்து அடுக்குவதற்குள் கால் இன்னும் ஐந்து பாகை மடங்கியிருக்கும்.

திருகோணமலையில், துறைமுகம் தெரிகிற ஒரு சிகிச்சை நிலையத்தில் அவர் இயன்மருத்துவர். கிண்ணியாவிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். நோகுதா என்று எவரிடமும் கேட்கமாட்டார். "கேட்டா புள்ளைகள் இல்லை எண்டுதான் சொல்லும். நான் கால்விரலைப் பார்க்கிறனான். விரல் சுருண்டா வாய் சொல்றது பொய்." கால் மடங்கும் கோணத்தை அளந்து சுவர்க் கலண்டரில் எழுதிவைப்பார். பௌர்ணமி விடுமுறையான போயா நாள் கட்டத்தைக்கூட விட்டுவைப்பதில்லை.

சம்பூரிலிருந்து வரும் ஜெயரூபிக்குப் பதின்மூன்று வயது. பாடசாலை வலைப்பந்து அணியில் கோல் போடுகிறவள். அவளுடைய வலது இடுப்பு மூட்டில், எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பு காரணம் தெரியாமலே தேயத் தொடங்கியது. டொக்டர் மாத்திரை கொடுத்தார். அந்தக் காலில் பாரம் போடக் கூடாதென்று ஊன்றுகோல்களும் கொடுத்தார். மூட்டு இறுகாமல் பார்ப்பது ஸுல்பிகாவின் பொறுப்பு. "குப்புறப் படுத்துக்கொண்டு நாடகம் பாருங்கோ. அம்மா ஏசினா மிஸ்தான் சொன்னவ எண்டு சொல்லுங்கோ."

இரண்டு மாதமாகியும் கோணம் எழுபதைத் தாண்டவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை ஸுல்பிகா ஊன்றுகோலைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அடி ரப்பர் அன்று வாங்கியதுபோல இருந்தது.

"இது றோட்டையே கண்டதில்லை போல."

ஜெயரூபி கூரையைப் பார்த்தாள். "வீட்டு வாசல் படலையடியிலயே வைச்சிட்டுத்தான் பள்ளிக்கூடம் போறனான், மிஸ். எல்லாரும் பாக்கினம்."

ஸுல்பிகா ஏசவில்லை. அலுமாரியைத் திறந்து தனக்கும் ஒரு சோடி ஊன்றுகோல் எடுத்தார். "வாங்கோ, கன்டீன்ல பிளேன்டீ குடிப்பம்." இருவரும் நடைபாதையில் தத்தித் தத்திப் போனார்கள். வழியிலிருந்த வாளியை ஸுல்பிகா தட்டி உருட்டியதில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தேநீர் வந்தபோது ஒருவரும் பார்க்கவில்லை.

"கண்டீங்களா? அவ்வளவுதான் பார்ப்பாங்க."

அதன்பிறகு எண்பது வந்தது, தொண்ணூறு வந்தது. தேய்ந்த ரப்பரை ஒருமுறை மாற்றவும் வேண்டியிருந்தது. எக்ஸ்ரேயில் மூட்டின் இடைவெளி கொஞ்சம் விரிந்திருந்தது. திரும்ப விளையாடலாமா என்று ஜெயரூபி கேட்டாள். "அது எனக்குத் தெரியாது புள்ள. முழுசா வளருமோ எண்டு டொக்டருக்கும் சொல்ல ஏலாது. ஆனா நாங்க விடுறேல்ல."

போன வாரம் ஜெயரூபி பாயில் இறங்கி, வலது காலை இரண்டு கையாலும் மெல்ல இழுத்து மடித்துச் சம்மணமிட்டாள். ஆறு மாதத்தில் அதுதான் முதல் தடவை. வாசலில் அடுத்த பிள்ளை காத்திருந்தது. ஸுல்பிகா செருப்பைக் கழற்றினார். அபாயாவை ஒதுக்கிக்கொண்டு பாயில் இறங்கி, அவளுக்கு நேரெதிரே, முழங்காலோடு முழங்கால் முட்டச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.