காலடித் தடத்தின் வயது

கடத்தூரிலிருந்து பள்ளிக்கு நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் போவோம். அவர் புவியியல் ஆசிரியர், நான் வேதியியல். ஊர்த் தண்ணீரிலிருந்த ஃபுளோரைடு சிறு வயதிலிருந்தே அவர் எலும்பில் ஏறியிருந்தது. ஐம்பது வயதுக்குள் முதுகு வளைந்துவிட்டது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்பித்தான் பார்ப்பார்.

அமெரிக்காவுக்கு மனிதன் முதலில் எப்போது போய்ச் சேர்ந்தான் என்பதுதான் எங்கள் ஓயாத பேச்சு. சுமார் பதிமூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் என்று நான் படித்திருந்தேன்; அதற்கும் வெகு முன்பே என்பார் அவர். நியூ மெக்சிகோவில் பழைய ஏரிச் சேற்றில் கிடைத்த காலடித் தடங்களுக்கு இருபதாயிரம் ஆண்டுக்கு மேல் வயது என்று செய்தி வந்த அன்று, பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.

"கல் ஆயுதம்னா மனுசன் செதுக்குனதான்னு சண்டை போடலாங்க சார். இது காலுங்க. விரல்கூடத் தெரியுது பாருங்க."

தடத்தோடு கிடந்த நீர்ச்செடி விதைகளிலுள்ள கார்பனை வைத்துத்தான் வயதைக் கணித்திருந்தார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் பழைய கார்பனைச் செடி உறிஞ்சியிருந்தால் வயது கூடுதலாகக் காட்டும். இதை நான் பஸ்ஸிலேயே சொல்லியிருக்கலாம். மதியம் ஆசிரியர் அறையில், எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். அதோடு நிறுத்தவும் இல்லை.

"தண்ணி என்ன பண்ணும்னு உங்களுக்குத் தெரியாதா சார்? உங்க முதுகைக் கேட்டாலே சொல்லுமே."

இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் டிபன் பாக்ஸை மூடினார். மறுநாள் பஸ்ஸில் வேறு இருக்கையில் உட்கார்ந்தார். அடுத்த ஆண்டே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார்.

பிறகு அதே மண்ணிலிருந்த, ஏரித் தண்ணீரை உறிஞ்சாத தரை மரங்களின் மகரந்தத்தையும் குவார்ட்ஸ் மணலையும் ஆராய்ந்தபோதும் ஏறக்குறைய அந்த வயதுதான் வந்தது. செய்தியை அச்செடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். படித்துக் காட்டினேன்.

"இன்னும் ஒத்துக்காதவங்க இருக்காங்களா?"

"சிலர் இருக்காங்க சார். நான் ஒத்துக்கறேன். நீங்க சொன்னதுதான் சரி."

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இன்னைக்கு வூட்டுக்குத் தனியா வந்து சொல்றீங்க."

குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் ஆசிரியர் அறையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன், அன்று நான் பேசிய வார்த்தை உட்பட. சிரித்த இருவரும் மாறுதலில் போயிருந்தார்கள். புதிதாக வந்த ஆங்கில ஆசிரியை மட்டும் மரியாதைக்குக் கேட்டார்: "யாருங்க சார் அவரு?"

அதை அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று மாதம் கழித்து, சாவுக்குத்தான் அந்த வீட்டுக்குப் போனேன்.