வேர்க்கும் கை

சின்ன வயதிலிருந்தே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். பரீட்சைத் தாளில் மை ஊறிப் பரவும். கோவையில் கல்லூரியில் சேர்ந்து வட்டு எறியத் தொடங்கியபோதுதான் அது பெரிய அவமானமானது. ஒரு போட்டியில், சுழன்று வீசுகிற நேரத்தில் வட்டு நழுவிப் பக்கத்து வலையில் மோதியது. வலைக்கு அப்பால் உட்கார்ந்திருந்தவர்கள் பதறி எழுந்தார்கள். பிறகு சிரித்தார்கள்.

எங்கள் விளையாட்டு ஆசிரியை என்னை உளவியல் துறைக்கு அழைத்துப் போனார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அங்கிருந்த விரிவுரையாளர் பெங்களூரிலிருந்து ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்திருந்தார். பயோஃபீட்பேக் கருவி என்றார். இரண்டு விரல்களில் உலோகப் பட்டையைச் சுற்றுவார்கள். பதற்றத்தில் விரல் வேர்த்தால் பெட்டியின் சத்தம் கீச்சென்று ஏறும். மனம் அடங்கினால் இறங்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டே உடம்பை அடக்கப் பழகலாம், மைதானத்திலும் உதவும் என்றார்.

என் விரல்களில் பட்டையைச் சுற்றியதும், நான் யார் கண்ணிலும் படாமல் துப்பட்டாவில் துடைத்து மறைத்து வந்ததை அந்தப் பெட்டி வாய்விட்டுச் சொன்னது. மூச்சை மெதுவாக விடச் சொன்னார். விட்டேன். சத்தம் இறங்கவில்லை.

அடுத்த வாரம் நான் போனபோது அறை முழுக்க அவருடைய மாணவிகள். எனக்கு முன்கூட்டியே எதுவும் சொல்லவில்லை.

"உக்காரு கண்ணு. சும்மா இவங்களுக்குக் காட்டத்தான்."

உட்கார்ந்து கையை நீட்டினேன். பட்டையைச் சுற்றியதுமே பெட்டி அலறியது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காது சுட்டது. சத்தம் இன்னும் ஏறியது. கூச்சப்படக் கூச்சப்பட அது ஏற, அது ஏற ஏற எனக்கு இன்னும் கூச்சம். கண்ணில் நீர் முட்டியது.

"போதுங்க மேடம்" என்றேன்.

விரிவுரையாளர் அவசரமாகப் பட்டையைக் கழற்றினார். "பழகினா எப்படி இருக்கும்னு நான் காட்டறேன்" என்று தன் விரல்களில் சுற்றிக்கொண்டார். கண்ணை மூடினார். சத்தம் இறங்கவில்லை. மெல்ல ஏறத் தொடங்கியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். இன்னும் ஏறியது. பெட்டியை அணைத்துவிட்டு, மாணவிகளை வகுப்புக்குப் போகச் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு, "உன்னையக் கேக்காமச் செஞ்சுபோட்டேன். தப்புத்தான் கண்ணு" என்றார். அவர் முகத்தைப் பார்க்கவும் எனக்கு வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் இருவர் மட்டும் பயிற்சி செய்தோம். தோளைத் தளர்த்தி, அடிவயிற்றிலிருந்து மூச்சை விட, சத்தம் ஒருநாள் வண்டின் ரீங்காரம் போலத் தணிந்தது. இன்னொரு நாள் அந்த அளவுக்கும் இறங்கவில்லை. நினைத்தபோதெல்லாம் அடங்கவில்லை, ஆனால் பதற்றம் உடம்பில் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிட்டது.

பொள்ளாச்சியில் நடந்த கல்லூரிப் போட்டியில் வட்டு நழுவவில்லை. மூன்றாவதாக வந்தேன். மேடையில் பதக்கம் கொடுத்த பெரியவர் கைகுலுக்கினார். குலுக்கியதும், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, தன் கையை வேட்டியில் துடைத்தார்.

எறிவதற்கு முன் மூச்சுவிடப் பழகியிருந்தேன். கைகுலுக்குவதற்கு முன் விட வேண்டும் என்று தோன்றவேயில்லை. புகைப்படக்காரர் இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார். படத்தில் என் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் இருக்கின்றன.